கதவில் போட்ட சுண்ணாம்பு வளையம்

ருவான்வெல்லை,
கீழ்ப்பிரிவு லயம்,
12-6-1938

அன்புள்ள அக்கா வெள்ளையம்மாவுக்கு, தங்கை புஷ்பம் எழுதுவது.

அப்பா, தம்பி, நான் மூவரும் சுகம். மழை விடவில்லை. ரப்பர் பால்வெட்டு இல்லாத நாளில் அப்பா லயத்து வீட்டிலேயே உட்கார்ந்து நான் வைக்கும் ரசத்தைக் குறை சொல்கிறார். மற்றபடி குறை ஒன்றுமில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது. பிழை இருந்தால், உனக்குக் கடிதம் வாசித்துத் தருகிற கடைக்கார மக்கீன் நானாவையே திருத்தி வாசிக்கச் சொல்லு.

இங்கே ஒரு புதினம். பிள்ளை மடுவத்தில், வேலைக்குப் போன தாய்மாரின் பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்த என்னைக் கூட்டிக்கொண்டுபோய் டிஸ்பென்சரியில் பேசவைத்துவிட்டார்கள். நீ சிரிப்பது இங்கே கேட்கிறது.

கொழும்பில் ஏதோ ஒரு மாதர் சங்கம் இருக்கிறதாம். அவர்கள் அனுப்பி, சீலாவதி நோனா என்றொரு நர்ஸ் வியாழக்கிழமைதோறும் வருகிறார். டிஸ்பென்சரியின் பின்னறையில் லயத்துப் பெண்களை உட்காரவைத்து, ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் இடையில் தாயின் உடம்புக்கு நாள் வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது. நம் பெண்களுக்குக் கடைத்தெருச் சிங்களம்தான் தெரியும். உப்பு கருவாடு வாங்க அது போதும், இதற்குப் போதாது. ஆற்றங்கரையில் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள் நான்தானே என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

முதல் நாள் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. இத்தனை முகங்கள் என்னையே பார்த்தால் நான் என்ன செய்வேன்? திரும்பி மருந்து அலமாரியைப் பார்த்துக்கொண்டேன். நோனா சொல்லச் சொல்ல, அலமாரியில் இருந்த விளக்கெண்ணெய்ப் போத்தலுக்கே எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். பின்னால் ஒரே சிரிப்பு. "ஏ புள்ள, போத்தலுக்கு எத்தன புள்ள?" என்று ஒருத்தி கேட்டாள்.

பொதுவாகச் சொல்வதற்கு மட்டும்தான் நான். பிறகு நோனா ஒவ்வொருவரையும் திரைக்குப் பின்னால் அழைத்துத் தனியே பேசுவார். அப்போது, "நங்கி, நீ போய்த் தேத்தண்ணி வை" என்று சிங்களத்தில் தங்கச்சி முறை சொல்லி என்னை அனுப்பிவிட்டு, அரைகுறைச் சிங்களமும் கைச்சாடையுமாகச் சமாளிக்கிற நம் மருத்துவிச்சிப் பாட்டியைத் துணைக்கு வைத்துக்கொள்வார். ஆகையால் நீ பயப்பட ஒன்றுமில்லை.

அக்கா, ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. போன கார்த்திகையில் சின்னவன் பிறந்தபோது உனக்கு எவ்வளவு இரத்தம் போனதென்று மச்சான் வந்து அப்பாவிடம் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அடுத்தது உடனே வந்தால் பிழைப்பது கஷ்டம் என்று உங்கள் தோட்டத்து டாக்டர் ஐயா சொன்னதையும் கேட்டேன். ஒரு வியாழக்கிழமை இங்கே வந்து போயேன். இரத்தினபுரியில் ரயில் ஏறினால் அவிசாவளை. அங்கிருந்து பஸ் இருக்கிறது.

உன் தங்கை,
புஷ்பம்


நிவித்திகல,
26-6-1938

தங்கை புஷ்பத்துக்கு அக்கா வெள்ளையம்மா சொல்லி எழுதுவித்தது.

உன் கடிதத்தை மக்கீன் நானா கடைவாசலில் வைத்து, அரிசி வாங்க வந்தவர்கள் எல்லாரும் கேட்க வாசித்தார். 'ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும்' என்ற இடத்தில் இருமினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கடிதத்தை மடித்து, "இது பொம்புளயள்ட விஷயம் தங்கச்சி. உள்ளுக்குப் போய் எங்கட லதீபாட்ட குடுங்க" என்றார். எனக்குக் கடைத்தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. இதை எழுதுவதும் அவர் மனைவி லதீபாதான்.

காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிட்டால் 'இருக்கேன்' என்று சொல்லவும் பக்கத்தில் நிற்பவளை இடிக்கிறவள் நீ. உனக்கு ஊரைக் கூட்டி வைத்துப் பிள்ளைப்பேறு பற்றிப் பேச வாய் வந்ததா? கல்யாணம் ஆகாத பெண் பேசுகிற பேச்சா அது? உன் மச்சானின் அத்தை வீட்டில் உன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 'வாயில்லாப் பூச்சி, தங்கமான பொண்ணு' என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன். இனி என் முகத்தை எங்கே வைப்பது?

எனக்கு நான்கும் தங்கக்கட்டிகள். எண்ணி வைத்துப் போதும் என்று சொல்ல நீ யார்? அம்மா போன பிறகு உன் தலையில் பேன் பார்த்தவள் நான். எனக்கு நீ புத்தி சொல்கிறாயா? என் மாமியார் ஒன்பது பெற்று, மலைக்கும் போய்க் கொழுந்தும் எடுத்தவர். அவர் முன்னால் இதை எப்படிச் சொல்வேன்?

அந்த வேலையை விட்டுவிட்டுத் தொட்டில் ஆட்டப் போ. போகிறவரைக்கும் எனக்குக் கடிதம் போடாதே.

வெள்ளையம்மா

தங்கச்சி, இதை எழுதும் லதீபா சொல்வது. உங்கள் அக்காவுக்குக் கோபம் மூக்கில்தான். எழுதி முடித்தபின் உங்கள் கடிதத்தை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். கடிதம் போடாதே என்றது அவருக்குத்தான். என் பேருக்குப் போடலாம். எனக்கும் ஆறு பிள்ளைகள்.


ருவான்வெல்லை,
10-7-1938

அன்புள்ள லதீபா அக்காவுக்கு, புஷ்பம் எழுதுவது.

என் அக்கா தனக்கு எழுத வேண்டாம் என்று சொல்லியிருப்பதால் உங்களுக்கே எழுதுகிறேன். நீங்கள் சத்தமாக வாசிக்கும்போது பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

திட்டு வாங்கிய அன்று நிறைய அழுதேன். வேலையை விடுவதாக நோனாவிடம் சொல்லவும் போனேன். போன இடத்தில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் தேத்தண்ணீர் வைக்கப் போன நேரத்தில், வந்திருந்த பெண்கள் பாதியில் எழுந்து போய்விட்டார்களாம். "நான் சொல்லுறது அவங்களுக்குப் பிடிக்கலையா, புரியலையா நங்கி?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. 'உடம்புக்கு நாள் வேண்டும்' என்று நான்தான் ஒவ்வொரு வாரமும் சொல்கிறேன். பெண்கள், "எங்க உடம்புக்கு என்ன, நல்லாத்தானே இருக்கு" என்கிறார்கள். இந்தப் பின்னறையே நம்மை மலடியாக்குகிற சூழ்ச்சி என்று மேல்லயத்தில் ஒரு பேச்சு வேறு. வேலையை விடுகிற பேச்சை அன்று எடுக்க மனம் வரவில்லை.

மறுநாள் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். அவர் பால்வெட்டும் மலையில் சில மரங்களுக்குச் சுண்ணாம்பால் வளையம் போட்டிருந்தது. உங்களுக்கு ரப்பர் வேலை தெரியாதல்லவா, சொல்கிறேன். ஒரே மரத்தை ஓயாமல் வெட்டிப் பால் எடுத்தால் பட்டை காய்ந்துபோகும். பிறகு எத்தனை வெட்டினாலும் சொட்டு வராது. மரமே பட்டுப்போவதும் உண்டு. அதனால் களைத்த மரத்துக்கு வெள்ளை வளையம் போட்டு விட்டுவிடுவார்கள். பட்டை தேறும்வரை அதில் யாரும் கத்தி வைக்கக்கூடாது. வைத்தால் கங்காணி சும்மா விடமாட்டார். எங்கள் லயத்தில் நடக்கப் பழகிய பிள்ளைக்கும் இது தெரியும்.

அடுத்த வியாழக்கிழமை, அலமாரியைப் பார்த்தபடியே கேட்டேன். "வளையம் போட்ட மரத்த ஏன் வெட்டக்கூடாது?"

"இது தெரியாதாக்கும்! பட்டைக்கு ஓய்வு வேணும்ல."

"மரத்துக்கு ஓய்வு குடுக்கிறாங்க. ஒங்களுக்கு யாரு குடுக்கிறா?"

எழுந்து போய்விட்டார்களோ என்று பயந்து திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் இருந்தார்கள். மேல்லயத்து ராக்காயி, எட்டுப் பெற்றவள், மூக்கைச் சிந்திவிட்டு, "அடிப் பாவி, எனக்கு வளையம் போட்டிருந்தா கழுத்துலருந்து கால் வரைக்கும்ல போட்டிருக்கணும்" என்றாள். அப்புறம் பாருங்கள் சிரிப்பை! நோனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கு நான் சிங்களத்தில் சொல்ல, அவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்று திரைக்குப் பின்னால் போவதற்கு வரிசை நின்றது. நான் தேத்தண்ணீர் வைத்துவைத்துச் சீனி முடிந்துவிட்டது.

உங்கள் பக்கத்தில் யாரும் உட்கார்ந்திருந்தால், அவர் பேன் பார்த்த தலை அவரை நினைத்துக்கொண்டே இருக்கிறது என்று சொல்லுங்கள்.

புஷ்பம்


நிவித்திகல,
24-7-1938

புஷ்பத்துக்கு,

நான் உனக்குக் கடிதம் எழுதவில்லை. முருங்கை விதை கொஞ்சம் மடித்து அனுப்புகிறேன். அது எதற்கென்று சொல்வதற்காக இந்தத் துண்டுக்காகிதம். லயத்துப் பின்பக்கம் ஊன்றி வை.

அந்த ராக்காயி கடைசியில் திரைக்குப் பின்னால் போனாளா? சும்மா கேட்கிறேன்.

போன மாதம் எனக்கு ஒரு பயம் இருந்தது. மலையில் நிற்கும்போது தலை சுற்றியது. யாரிடமும் சொல்லவில்லை. லதீபாவிடம்கூட இப்போதுதான் சொல்கிறேன், எழுதும் கை நின்றுவிட்டது. இப்போது அந்தப் பயம் இல்லை. வெறும் பலவீனம்தான். டிஸ்பென்சரியில் இரும்புச் சத்து மருந்து கொடுத்தார்கள். இதற்கு மேல் கேட்காதே. உன் மச்சானிடம் இதையெல்லாம் எப்படிப் பேசுவது? அவர் நல்லவர்தான். ஆனால் இருவரும் வாயைத் திறக்கமாட்டோம். நம் வீட்டில் நீ மட்டுமா வாயில்லாப் பூச்சி?

வெள்ளையம்மா

லதீபா சொல்வது: சீனி முடிந்தால் எங்கள் கடையில் வாங்கவும். எங்கள் வீட்டுக்காரர் தருவார்; எதற்கென்று கேட்கமாட்டார், அவருக்கு இருமல் வரும்.


ருவான்வெல்லை,
14-8-1938

என் அக்காவுக்கு,

முருங்கை முளைத்துவிட்டது. ராக்காயி திரைக்குப் பின்னால் போனாள்; வரிசையில் முதல் ஆள் அவள்தான். போனதோடு நிற்கவில்லை. அவளால்தான் இங்கே பெரிய கூத்து.

போன செவ்வாய்க்கிழமை விடிந்ததும் பார்த்தால், மேல்லயத்தில் அங்கங்கே காம்பிரா அறைக் கதவுகளில் வட்டமாகச் சுண்ணாம்பு வளையம்! ராக்காயியும் அவள் கூட்டாளிகளும் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து, அவரவர் கதவில் அவரவரே போட்டிருக்கிறார்கள். நான் சொன்னது ஒரு பேச்சுக்கு. அவர்கள் அதை மலைச் சட்டம் போல எடுத்துக்கொண்டார்கள். 'மரத்துக்குக் குறி போட்டாத்தானே ஆளுக்குத் தெரியும், சும்மா மனசுக்குள்ள வச்சிருந்தா யாருக்குத் தெரியும்' என்பது ராக்காயியின் நியாயம்.

ஆண்களுக்கு ஒன்றும் தெரியாது. மூக்கையா கங்காணி வந்து பார்த்தார். காய்ச்சல் வருஷத்தில் நோய் வந்த வீடுகளுக்குக் குறி போட்டார்களே, அதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. "ஐயோ, திரும்பக் காச்சல் வந்திருச்சுடா! கம்பளி எல்லாத்தையும் ஆத்துல போடுங்கடா!" என்று கத்தினார். ஆண்கள் அலறிக்கொண்டு ஓடி, மழைக்குப் போர்த்தும் கம்பளிகளை எல்லாம் ஆற்றில் முக்கினார்கள். பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார்கள். எந்தப் பெண்ணோ அடக்கமுடியாமல் சிரித்துவிட்டாள். அவ்வளவுதான், எல்லாம் வெளியே வந்துவிட்டது.

பெரட்டுக்களத்தில் ஆண்கள் சொட்டச் சொட்ட நின்று கத்தினார்கள். "நாங்க என்ன ரப்பர் மரமா?" என்று ஒருவர். "மரம் நீங்க இல்ல. மரம் நாங்க" என்று ராக்காயி. மூக்கையா கங்காணிக்கு வந்த கோபத்தில் மீசை நடுங்கியது. "தொரைகிட்டச் சொல்லி அந்தப் பின்னறைக்குப் பூட்டுப் போடுறேன். அந்த நோனா இனி இந்தத் தோட்டத்துல கால் வைக்கக்கூடாது. யாரு இந்த வளையப் பேச்ச மொதல்ல பேசினது?"

ராக்காயிகூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, அக்கா. எல்லாப் பெண்களும் தரையைப் பார்த்தார்கள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அறையைப் பூட்டிவிட்டால் நீ வருவதற்கு இடம் எங்கே? அதை நினைத்ததும் என் கால் தானாக முன்னே வந்துவிட்டது. அங்கே அலமாரி இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

"நான்தான் மாமா."

"நீயா?" என்றார் அவர். கோபத்தைவிட ஆச்சரியம்தான் குரலில் இருந்தது. நான் பேசி அவர் கேட்டதே இல்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் மாமா. வளையம் போட்ட மரத்துல ஒருத்தன் கத்தி வச்சா நீங்க என்ன செய்வீங்க?"

"கத்தியப் புடுங்கிட்டு வெரட்டிருவேன்."

"ஏன் மாமா?"

"ஏன்னா? மரம் செத்துப்போகும்ல!"

அவர் சொன்னதை அவரே கேட்டார். நான் கண்ணைத் திறந்தேன். கங்காணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியைப் பெற்ற கையோடு நம் அம்மா எப்படிப் போனாள் என்பது அந்தக் களத்தில் நின்ற எல்லாருக்கும் தெரியும். நான் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டேன், யாருக்குத் தொட்டில் ஆட்டினேன் என்பதும் தெரியும். அப்பா ஈரக் கம்பளியைக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார்.

கங்காணி தொண்டையைச் செருமினார். "கம்பளி நனஞ்சது நனஞ்சதுதான். போங்க, வேலைக்குப் போங்க." நாலடி போனவர் திரும்பிப் பார்த்து, "சுண்ணாம்ப யாரும் அழிக்க வேணாம்" என்றார்.

அப்பா அன்று மாலை ரசத்தைக் குறை சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "ஒங்கம்மாவுக்கு வளையம் போட ஒருத்தருக்கும் தோணலயே புள்ள" என்றார். பிறகு வெளியே போய் உன் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றினார்.

இந்த வியாழக்கிழமை பின்னறையில் இடம் போதவில்லை. ராக்காயி பெஞ்சு தூக்கி வந்து போட்டாள். நீ மட்டும் இல்லை.

புஷ்பம்


நிவித்திகல,
4-9-1938

என் அருமைத் தங்கை புஷ்பத்துக்கு அக்கா எழுதுவித்தது.

உன் கடிதத்தை லதீபா கடையின் உள்ளறையில் வைத்து வாசித்தாள். ஈரக் கம்பளி இடத்தில் நானும் அவளும் சிரித்த சிரிப்பில் அவள் சின்னமகள் எழுந்து அழுதாள். அம்மா இடம் வந்தபோது சிரிக்கவில்லை.

இதில் நான் யோசிக்காத ஒன்று. உன் மச்சான் வெளியே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். நடுவில் இருப்பது பலகைச் சுவர். லதீபாவின் குரலைப் பற்றி நான் சொல்லக்கூடாது, எழுதுகிறவள் அவள்தான். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவர் எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தார். கோபமோ என்று நினைத்தேன்.

இங்கே ரப்பர் இல்லை, வளையமும் இல்லை. தேயிலைதான். இந்த வாரம் அவருக்குக் கவ்வாத்து வேலை. செடியின் தலையை வெட்டிவிட்டு, தளிர் ஏறும்வரை அந்த மலைப்பக்கம் கொழுந்துக்கு ஆளே அனுப்பமாட்டார்கள். வெட்டிய குச்சிகளை, மிலாறு என்போமே, அதை அடுப்பெரிக்கக் கட்டிக்கொண்டு வருவார்கள். மறுநாள் அவரும் ஒரு கட்டுக் கொண்டுவந்தார். அடுப்படிக்குப் போகவில்லை. அதில் ஒரு பிடி எடுத்து, எங்கள் காம்பிரா நிலைக்கு மேலே கயிறு போட்டுக் கட்டினார்.

மாமியார் வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டார். "என்னடா பழனியாண்டி, அடுப்புல வைக்கிறத வாசல்ல கட்டுற?"

"இந்த மலைக்குக் கவ்வாத்து முடிஞ்சிருச்சும்மா. இப்போதைக்கு யாரும் கொழுந்து கேக்கக்கூடாது."

சொல்லிவிட்டு ஆள் விறுவிறுவென்று குளிக்கப் போய்விட்டார். காதெல்லாம் சிவந்திருந்தது. மாமியார் வெகுநேரம் அந்த மிலாற்றைப் பார்த்தார். என்னை ஏசப்போகிறார் என்றுதான் நினைத்தேன். "ஒன்பது பெத்தேன். எனக்கு ஒரு குச்சிகூட எவனும் கட்டல" என்றார். பிறகு சின்னவனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

மச்சானின் அத்தைக்கும் உன் பெரட்டுக்களச் சமாச்சாரம் எட்டிவிட்டது. இரத்தினபுரிச் சந்தையில் என்னைப் பிடித்துக்கொண்டு, "வாயில்லாப் பூச்சின்னு சொல்லி ஏமாத்தப் பாத்தியே வெள்ளையம்மா" என்றார். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு நழுவப் பார்த்தேன். "பொண்ணு நெறைய பேசவேண்டியிருக்கும் போல, பேசி முடிக்கட்டும். நாங்க காத்திருக்கோம்" என்றார். உனக்கும் பதினேழுதானே, எனக்கும் அவசரமில்லை.

லதீபா ஒன்று கேட்கச் சொல்கிறாள். அவள் வீட்டில் ரப்பரும் இல்லை, தேயிலையும் இல்லை. கடைக்கதவில் எதைக் கட்டுவது என்று நோனாவிடம் கேட்டு எழுதவேண்டுமாம். மக்கீன் நானா இதைக் கேட்டுவிட்டு, கடையில் ஆள் இல்லாமலே இருமிக்கொண்டிருக்கிறார்.

வருகிற வியாழக்கிழமை நானும் உன் மச்சானும் வருகிறோம். அவர் டிஸ்பென்சரி வாசலில் நிற்பார், உள்ளே வரமாட்டார். சீனியும் கொண்டுவருகிறேன். புஷ்பம், நீ அந்த விளக்கெண்ணெய்ப் போத்தலைப் பார்த்துச் சொன்னால் எனக்குப் புரியாது. என்னைப் பார்த்துச் சொல்லு.

உன் அக்கா,
வெள்ளையம்மா